பழைய கணினியும் பதினைந்து நாட் குறிப்பும்

நம் ஊர்களில் ஒரு பொருள் பழுதுபட்டுவிட்டால் அதற்கு வைத்தியஞ் சொல்ல வருவோர் தொகைக்குக் குறைவே இல்லை. மாட்டுக்கு நோய் கண்டாலும் சரி, கிணற்று மோட்டார் நின்றாலும் சரி, வேலியோரத்தில் நிற்கும் நால்வர் நான்கு காரணங் கூறிவிட்டுப் போவர். வீட்டுக்கு வந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றுவிட்ட கணினியெனின் கேட்கவே வேண்டியதில்லை. "தாய்ப்பலகை போய்விட்டது" என்பார் ஒருவர். "வைரஸ் புகுந்துவிட்டது" என்பார் மற்றொருவர். "பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டுப் புதிதாக வாங்குங்கள்" என்று மூன்றாமவர் தீர்ப்பே கூறிவிடுவார். இத்தனைக்கும் நோயாளியின் நாடியை எவரும் இன்னும் பிடித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நாம் வாழும் இந்த நுரைச்சோலையில் அண்மையில் இப்படியொரு தீர்ப்பு வழங்கப்பட்டது. எம்மிடம் பயிலும் மாணவன் ஒருவன், உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்பவன், வகுப்பு முடிந்ததும் தயங்கி நின்றான். "சேர், வீட்டுக் கம்பியூட்டர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே பட்டென்று நின்றுவிடுகிறது. வாப்பா வெங்காயக் காசில் புதிதொன்று வாங்கலாம் என்கிறார்" என்றான். அந்த வெங்காயக் காசு, கிணற்றுக்குப் புது மோட்டார் போடுவதற்கென ஒதுக்கி வைத்த காசு என்பது மேலுங் கேட்டபோது தெரியவந்தது. கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்றரையில் தண்ணீர் இறைக்காமல் வெங்காயம் விளைவதில்லை என்பதை இப்பகுதியார்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. கணினியோ டொலர் கொடுத்து வாங்கப்படும் பொருள். வெங்காயம் ரூபாவுக்கு விற்கப்படும் பொருள். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், அவ்வாண்டின் நடுப்பகுதியில் 360 ரூபாவாக உயர்ந்ததன் பின்னர், பழையதைக் கழித்துப் புதியதை வாங்குவது ஒரு குடும்பத்துக்கு இலேசான காரியமன்று.

"தம்பி, பதினைந்து நாட்களுக்கு எதையுங் கழற்றாதே. ஓர் அப்பியாசக் கொப்பியை அருகில் வைத்துக்கொள். நிற்கும் ஒவ்வொரு முறையும் திகதி, நேரம், அப்போது நீ செய்த வேலை, வீட்டு விளக்கு மங்கிற்றா, மீண்டும் போட்டபோது உடனே வந்ததா என்று எழுதி வா" என்றோம். மருந்து கேட்டு வந்தவனுக்குக் கொப்பியைக் கொடுத்தனுப்பியதில் அவனுக்குச் சற்று ஏமாற்றந்தான்.

பதினைந்து நாட்களின் பின் வந்த கொப்பி சுவையானது. பதினொரு தடவை நின்றிருந்தது. அவற்றில் ஒன்பது, பிற்பகல் 4 மணிக்கும் 6 மணிக்கும் இடையில். காலையில் ஒரு தடவையேனும் இல்லை. மழை பெய்த இரண்டு நாட்களில் மாலையிலும் நிற்கவில்லை. மழை நாளில் வெப்பங் குறைவு. ஆகவே கணினி சூடேறித்தான் நிற்கிறது என்று இதனைக் கொண்டு ஒருவர் கூறிவிடலாம். ஆனால் வெயில் கொளுத்தும் நடுப்பகலில் மூன்று மணிநேரம் தொடர்ந்து ஓடியபோதும் அது நிற்கவில்லை என்று அதே கொப்பி கூறிற்று. மழை நாளில் குறைவது வெப்பம் மட்டுமா? மழை பெய்தால் எவரும் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பதில்லை அல்லவா?

மறுநாள் மாலை மல்ரிமீற்றர் ஒன்றை எடுத்துக்கொண்டு அவ்வீட்டுக்குச் சென்றோம். 230 வோல்ற் இருக்கவேண்டிய இடத்தில், சுற்றியுள்ள தோட்டங்களின் மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கிய வேளையில், ஊசி 190க்குங் கீழே இறங்கி மீண்டும் ஏறிற்று. மோட்டார் ஒன்று ஓடும்போது இழுக்கும் மின்னோட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கைத் தொடங்குங் கணத்தில் இழுக்கும். அது மோட்டாரின் இயல்பு; எவர்மீதும் குறை கூறுவதற்கில்லை.

இலங்கையின் மிகப் பெரிய அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும் ஊரிலா மின்னழுத்தம் இறங்குகிறது என்று வெளியூர் வாசகர்கள் வியப்படையலாம். மூன்று இயந்திரங்களால் 900 மெகாவாற் உற்பத்தி செய்யும் லக்விஜய நிலையத்தின் முதல் இயந்திரம் 2011இல் இயங்கத் தொடங்கி, மூன்றும் 2014இல் நிறைவெய்தின. ஆனால் அங்கே பிறக்கும் மின்சாரம் நம் வீட்டுக்கு நேரே வருவதில்லை. 220 கிலோவோல்ற் கம்பிகளில் வெயாங்கொடைக்குச் சென்று நாட்டின் பொது வலையிற் கலந்து, எத்தனையோ நிலைமாற்றிகளைக் கடந்து, எல்லார்க்கும் போலவே நமக்கும் வருகிறது. நமது வீதிமுனை நிலைமாற்றியிலிருந்து நீளும் கம்பி எவ்வளவு தூரம், அதில் எத்தனை மோட்டார்கள் என்பதே நம் வீட்டு அழுத்தத்தை நிர்ணயிக்கும். ஆற்றங்கரையில் குடியிருப்பவன் வீட்டுக் குழாயில் தண்ணீர் வேகமாக வரவேண்டும் என்ற நியதி இல்லை.

பொது வலை விழுந்தால் இந்தப் பெரிய நிலையமும் உடன் விழும். 2020 ஆகஸ்ட் 17ஆந் திகதி கெரவலப்பிட்டியில் ஏற்பட்ட கோளாறினால் நாடு இருளடைந்தபோது, நுரைச்சோலை இயந்திரங்கள் மீண்டும் வருவதற்குச் சில நாட்கள் சென்றன. 2025 பெப்ருவரி 9ஆந் திகதி பாணந்துறை உபநிலையத்தில் குரங்கொன்று செய்த கைங்கரியத்தால் நாடு முழுதும் மின்சாரம் நின்றதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்போதும் நமது ஊர் இயந்திரங்கள் உடனே எழவில்லை. இத்தகைய வேளைகளில் கணினியின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிடுவதும், மின்சாரம் திரும்பிய பின் ஐந்து பத்து நிமிடங்கள் பொறுத்திருப்பதும் நலம். அணைந்து எரியும் முதற் சில கணங்களில் அழுத்தம் ஒரு நிலையில் நிற்பதில்லை. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி முழங்கும் மாலைகளிலும் அவ்வாறே செய்க. இணையப் பெட்டிக்கு வரும் கம்பியையுஞ் சேர்த்துக் கழற்றுக.

மாணவன் வீட்டுக் கதைக்கு வருவோம். அழுத்தம் இறங்கினால் தாங்கிக்கொள்வதற்கென்றே யூ.பி.எஸ். என்னும் பெட்டி அங்கு இருந்தது. வேலைகளைச் சேமித்து மூடிவிட்டு, யூ.பி.எஸ்.ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து இழுத்தோம். கணினி அக்கணமே அணைந்தது. உள்ளிருந்த 12 வோல்ற் ஈய மின்கலம் ஐந்து ஆண்டுகள் கடந்தது; மூன்று நான்கு ஆண்டுகளுக்கு மேல் அவை உழைப்பது அரிது. அது கீச்சிட்டு முறையிட்ட நாட்களில் யாரோ அதன் வாயை அடைத்துவிட்டிருந்தார்கள்! இனி, மின்கலம் செத்திருந்தாலும் கணினியின் பவர் சப்ளை ஒரு நொடித் தளர்வைத் தாங்கவேண்டுமே என்று கேட்கலாம். தாங்கத்தான் வேண்டும்; மின்சாரம் முற்றாக நின்றாலும் ஏறத்தாழ 16 மில்லி செக்கன் வரை தாக்குப்பிடிக்குமாறே புதியதை அமைக்கிறார்கள். அந்தச் சக்தியைச் சேர்த்து வைப்பவை அதனுள்ளிருக்கும் கொள்ளளவிகள். அவை முதுமையடைந்தால் சேமிப்புக் குறையும். ஆக, தோட்டத்து மோட்டார், செத்த மின்கலம், முதிர்ந்த கொள்ளளவி ஆகிய மூன்றுஞ் சேர்ந்து நடத்திய சதி இது. தாய்ப்பலகை இதில் நிரபராதி. யூ.பி.எஸ். மின்கலத்தை மட்டும் மாற்றினோம். அதன் பின் கணினி நிற்கவில்லை. கிணற்றுக் காசு கிணற்றுக்கே போயிற்று.

மற்றொரு வீட்டில் இதே நோய்க்குறிக்கு வேறு காரணம் இருக்கலாம். ஆதலின் சோதனையில் ஒரு வரிசை வேண்டும். செலவில்லாததை முதலிற் பார்க்கவேண்டும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும். மூன்றைச் சேர்த்து மாற்றிவிட்டுக் கணினி உயிர்த்தெழுந்தால், உயிர் கொடுத்தது எதுவென்று ஒருநாளும் தெரியாது. பொத்தானை அழுத்தியும் ஒன்றும் அசையவில்லையா? அதே பிளக் பொயின்றில் மேசை விளக்கொன்றைப் போட்டுப் பாருங்கள். சதுரமுனைப் பிளக்காயின் அதனுள்ளேயே ஓர் உருகி உண்டு. அது எரிந்ததை மறந்து கணினியையே கடைக்குச் சுமந்து சென்ற வீடுகள் பல. யூ.பி.எஸ்.ஸை விலக்கி நேரே சுவரில் இணைத்துப் பாருங்கள். இவ்வளவும் திருப்புளி தொடாமலே செய்யக்கூடியவை.

திருப்புளியை எடுக்குமுன் பிளக்கைக் கழற்றி, தொடக்கும் பொத்தானைச் சில செக்கன்கள் அழுத்தி, பெட்டியின் வெற்று உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். பவர் சப்ளைப் பெட்டியை மாத்திரம் எக்காரணங் கொண்டும் திறவாதீர்கள். 230 வோல்ற் அதனுள் நேரோட்டமாகும்போது 325 வோல்ற் வரை எழும். பிளக்கைக் கழற்றிய பின்னும் அது கொள்ளளவியிற் சிறிது நேரம் உறைந்திருக்கும். மாணவர்கள் இதனை இருமுறை படிக்கக் கடவர்.

இனி, நமது கரைக்கே உரிய பகையொன்று உண்டு. அது உப்பு. சமையலறை உப்புச் சாடி மழைக்காலத்தில் கசிவதைக் காணாத இல்லத்தரசி எவர்? வளியின் சாரீரப்பதன் நூற்றுக்கு 75 அளவைத் தாண்டியதும் கறியுப்பு வளியிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். சோளகக் காற்று வீசும் மாதங்களிற் கடலிலிருந்து எழும் நுண்டுளிகள் சன்னல் வழியே வந்து, கணினியின் விசிறியால் உள்ளிழுக்கப்பட்டு, பலகையின்மேற் படிகின்றன. பகலில் அது வெறும் வெண்டூசி. இரவில் ஈரம் ஏறியதும் அதே தூசி உப்புநீர்ப் படலமாகி மின்சாரம் ஒழுக வழியமைக்கும். செம்பையும் வெள்ளீயத்தையும் அரிக்கும். உப்பளத்துக்குப் பேர்போன புத்தளத்து மக்களுக்கு உப்பு எப்படி விளைகிறது என்பது தெரியும். அது வீட்டுப் பெட்டிக்குள்ளும் விளையும் என்பதுதான் புதிய செய்தி.

இதற்கு மாற்று யாது? ஓடும் கணினியின் உட்புறம் வெளியை விடச் சூடானது. சூடான வளியிற் சாரீரப்பதன் குறைவு. எனவே நாள்தோறும் பயன்படும் கணினியை விட, "பழுதாகிவிடும்" என்று அஞ்சி மாதக்கணக்கில் மூடிவைக்கும் கணினியே நம் கரையில் முதலிற் கெடுகிறது. விருந்தினருக்கென்று அலுமாரியில் வைத்த பீங்கான் போல அதனைப் பேணுவது பயனற்றது. வாரத்தில் இரண்டொரு தடவையேனும் ஒரு மணிநேரம் ஓடவிடுங்கள். கடற்புறச் சன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். பிளாத்திக்கு உறையாற் போர்த்தினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். மூடவேண்டுமெனின் அணைத்து ஆறிய பின் பருத்தித் துணியால் மூடுக.

உப்பும் ஈரமும் முதலிற் தாக்குவது பொருத்துவாய்களை. கணினி தொடங்காமல் விட்டுவிட்டுக் கூவினால், பெரும்பாலும் நினைவகப் பலகை தன் இருக்கையிற் சரியாகத் தொடவில்லை என்பதே பொருள். இருபுறத் தாழ்களையும் விலக்கி அதனை எடுத்து, மீண்டும் வைத்து அழுத்துங்கள். இரண்டு மூன்று தடவை செய்தால் உராய்வினாலேயே முனைகள் துப்புரவாகும். அழிறப்பரால் தேய்ப்பது நம் நாட்டு வழக்கம். அதனை நாம் விரும்புவதில்லை. முனையிலுள்ள பொன்முலாம் தலைமயிரை விடப் பன்மடங்கு மெல்லியது; பொன் தேய்ந்தபின் அடியிலுள்ள உலோகத்தை உப்பு சும்மா விடாது. ஐசோபுரோப்பைல் மதுசாரத்தில் நனைத்த தும்பற்ற துணியே போதும். பலகைகள் இரண்டிருந்தால் ஒன்றை மாத்திரம் வைத்துத் தொடக்குங்கள், பின் மற்றதை. எது குற்றவாளி என்பது தானே வெளிப்படும்.

தூசியைப் பற்றி நீளப் பேசவேண்டியதில்லை. மென்மையான வர்ணத் தூரிகையால் விசிறியையும் அதன்கீழுள்ள உலோகத் தகடுகளையும் துடைத்துவிட்டாலே பாதி நோய் தீரும். காற்றடித்துத் துப்புரவாக்குவோர் விசிறி இதழை விரலாற் பிடித்துக்கொள்க. துடைத்த பின்னும் சூடு குறையாவிடில் செயலிக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள பசை காய்ந்திருக்கலாம். பழையதை வழித்து, பயறளவு புதிது வைத்தாற் போதும். பல்லியும் எறும்பும் பெட்டிக்குட் குடியேறுவது நம்மூர் வழமை. அதற்காக நாணவேண்டியதில்லை. 1947 செப்டெம்பர் 9ஆந் திகதி அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்து மார்க் 2 கணினி தடுமாறியபோது, அதன் ரிலே ஒன்றினுள் விட்டில் ஒன்று நசுங்கிக் கிடக்கக் கண்டார்கள். அதனை எடுத்தெறியாமல், கண்டுபிடித்த நேரத்தையும் எழுதிக் குறிப்பேட்டிலேயே ஒட்டிவைத்தார்கள். அந்த ஏடு இன்றும் ஸ்மித்சோனியன் அரும்பொருளகத்தில் உள்ளது. அவர்களும் கொப்பி எழுதியவர்களே!

முதுமையாலேயே வரும் நோய்களில் இரண்டை அறிந்திருப்பது நன்று. முதலாவது கொள்ளளவி வீங்குதல். தாய்ப்பலகையில் நிற்கும் சிறு உருளைகளின் தலை தட்டையாக இருக்கவேண்டும். புடைத்தோ பழுப்பு நிறத்திற் கசிந்தோ இருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. வெப்பம் பத்துப் பாகை ஏறுந்தோறும் இவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலாளர் கணக்கு. 2000ஆம் ஆண்டையொட்டிய சில ஆண்டுகளில், உள்ளிருக்கும் திரவம் சரியாக அமையாத கொள்ளளவிகள் உலகெங்கும் பரவி, பெருங் கம்பனிகளின் கணினிகளும் கூட்டங் கூட்டமாகப் பழுதடைந்தன. அக்காலத்துப் பெட்டி எவரிடமேனும் இருந்தால் முதலில் இதனைப் பார்க்க. பற்றாசுக் கோல் பிடிக்கத் தெரிந்த வானொலி திருத்துநர் சிறு செலவில் மாற்றித் தருவார்.

இரண்டாவது, மணிக்கூட்டு மின்கலம். சி.ஆர். 2032 என்னும் நாணயம் போன்ற 3 வோல்ற் மின்கலம் தாய்ப்பலகையில் இருக்கிறது. அது ஓய்ந்தால் ஒவ்வொரு நாளும் கணினி பழைய ஆண்டொன்றில் விழித்தெழும். திகதி பிழையாக இருந்தால் வங்கி முதலியவற்றின் இணையப் பக்கங்கள் பாதுகாப்பற்றவை என்ற எச்சரிக்கை தோன்றும். "வைரஸ்" என்று வீட்டார் அஞ்சுவர். கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும் ஒரு சிறு மின்கலம் அவ்வச்சத்தைத் தீர்க்கும்.

வன்தட்டின் காரியம் வேறு. ஏனையவை பழுதானால் பொருள் நட்டம். வன்தட்டுப் போனால் திருமணப் படங்களும், மகளின் ஒப்படைகளும், பல ஆண்டுத் தோட்டக் கணக்கும் போம். நிமிடத்துக்கு 7200 தடவை சுழலும் தட்டின்மேல், அதனைத் தொடாமல், மயிரிழையின் ஆயிரத்திலொரு பங்கிலுங் குறைவான இடைவெளியில் வாசிக்கும் தலை மிதக்கிறது. அதனிடமிருந்து "டிக், டிக்" என்று ஒரே சீரான ஒலி எழுந்தால், ஆராய்ச்சியை நிறுத்துக. மீண்டும் மீண்டும் தொடக்கிப் பார்ப்பது காயத்தைக் கிண்டுவதாகும். வேறொரு கணினியில் இணைத்து, முக்கியமானவற்றை முதலிற் பிரதி செய்க. ஒலியின்றி, சிலவேளை தெரிந்தும் சிலவேளை மறைந்தும் தடுமாறினால் இணைப்புக் கம்பியை மாற்றிப் பாருங்கள். தட்டைப் பழிப்பதற்கு முன் கம்பியை ஐயுறுவது சிக்கனம்.

மேசைக் கணினிக்கு நாம் இவ்வளவு பரிந்து பேசுவதற்குக் காரணம் உண்டு. மடிக்கணினி போல அது ஒட்டிப் பிறந்த உடலன்று. உறுப்புகள் கழன்று மாறும் இயல்பினது. இன்டெல் நிறுவனம் 1995இல் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுத்திட்டத்தை உலகம் ஏற்றுக்கொண்டமையால், இவ்வாண்டு வாங்கும் பவர் சப்ளை பதினைந்து ஆண்டுக்கு முந்திய பெட்டியிற் பெரும்பாலும் பொருந்தும். பெருங் கம்பனிகளின் சிறு பெட்டிகள் சிலவற்றில் மட்டும் இது செல்லாது. அளவையும் முனைகளின் தொகையையும் பார்த்து வாங்கவேண்டும். பழைய வன்தட்டுக்குப் பதில் எஸ்.எஸ்.டி. ஒன்றை இட்டால், "கிழடு" என்று பெயர் வாங்கிய இயந்திரம் எழுத்து வேலைக்கும் பாடத்துக்கும் மீண்டும் பயன்படும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதி முடிந்ததைக் காட்டி, பழைய கணினிகள் யாவும் செத்தன என்போர் உளர். அது இயந்திரத்தின் பழுதன்று. விண்டோஸ் 11ஐ ஏற்காத பெட்டியில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை நிறுவலாம். எம் கல்லூரி மாணவர் சிலர் அவ்வாறே செய்து படித்து வருகின்றனர்.

இத்தனைக்கும் பின்னர் தாய்ப்பலகையே குற்றவாளி என்று தெரியவருமாயின், அப்போது வைத்தியத்தை நிறுத்துவதே முறை. பழைய பலகைக்கு மாற்றுத் தேடி அலைவதிலும், இன்னொரு பழம்பெட்டியை முழுதாக வாங்குவது மலிவாக முடியும். ஆனால் பழைய இரும்புக்காரர் வாசலில் வந்து நிற்கும்போது பெட்டியை அப்படியே தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். நினைவகமும் பவர் சப்ளையும் நல்லவையாயின் அயல் வீட்டுக் கணினிக்கு உதவும். வன்தட்டைக் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தின் அடையாள அட்டைப் பிரதிகளும் வங்கிக் கடிதங்களும் அதற்குள் இருக்கின்றன.